சவுனாவுக்கு வராத சம்பந்தி

ஹென்னா போன வாரம் போனில் போட்ட குண்டு ரெய்யோவின் காதில் இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா, எனக்கும் துவோமாஸுக்கும் ஆகஸ்ட்ல கல்யாணம். நடுக்கோடைத் திருநாளுக்கு அவன் அப்பா மார்த்தி நம்ம எல்லாரையும் ஏரிக்கரைக் குடிலுக்குக் கூப்பிட்டிருக்கார். சம்பந்தி ரெண்டு பேரும் முதல்ல சவுனாவுல ஒண்ணா உக்காரணுமாம். மத்த பேச்செல்லாம் அப்புறம்தானாம்."

கல்யாணம் என்றதில் ரெய்யோவுக்குச் சந்தோஷம்தான். சவுனா என்றதும்தான் போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது.

பின்லாந்தில் ஒரு மனுஷன் தேவாலயத்துக்குப் போகாமல் இருக்கலாம், ஓட்டுப் போடாமல் இருக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சவுனா என்கிற அந்த நீராவிக் குளியல் அறைக்கு வர மாட்டேன் என்றால் போச்சு. உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, ஒரே பலகையில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து வேர்க்காதவனை எப்படிச் சம்பந்தி என்று சொல்லிக்கொள்வது?

அந்த நாள் வந்தேவிட்டது. ரெய்யோ காரை ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி ரைலி, மடியில் ஸ்ட்ராபெரி கேக்.

"நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேசற. ஒரு வாய் தண்ணி குடியேன்," என்றாள்.

"தாகமில்ல."

"முதுகு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"முதுகுவலிக்காரன் மூணு மணி நேரமா அசையாம கார் ஓட்டறான். சவுனாவுல பத்து நிமிஷம் உக்காரத்தான் முடியலையாம். ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

ரெய்யோ கியரை மாற்றினார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் சொந்த வீட்டுச் சவுனாவிலேயே கால் வைக்கவில்லை. படுக்கையையும் தனி அறைக்கு மாற்றிக்கொண்டார். இரண்டுக்கும் முதுகுதான் பழி சுமந்தது. நிஜம் வேறு.

அவர் இளவயதிலிருந்து மரக்கட்டை லாரி ஓட்டுகிறவர். மற்ற டிரைவர்கள் காட்டோரமாக வண்டியை நிறுத்தி நிறுத்திப் போவார்கள். ரெய்யோ மட்டும் ஆலையிலிருந்து துறைமுகம்வரை நிறுத்தமாட்டார். 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர். அதில் அவருக்கு ஒரு பெருமை. சர்க்கரை நோய் வந்து வருஷங்கள் ஆயிற்று, மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். போன வருஷம் சிறுநீர் முட்டுகிற உணர்வே குறைந்துபோனபோது, வயசாக ஆக நம் பை கெட்டியாகிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அடப்பாவி மனுஷா!

குளிர்காலத்தில்தான் சொட்ட ஆரம்பித்தது. எழுந்தால், தும்மினால், கடைசியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும். அவருக்கே தெரியாமல், ஒரு கரண்டி, அரைக் கரண்டி.

அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். வெளியே கிளம்பும் நாளில் காபிகூடக் கிடையாது. கறுப்பு பேன்ட், உள்ளே பெண்கள் வைக்கிற பஞ்சு நாப்கின். அதையும் உள்ளூரில் வாங்காமல், முகம் தெரியாத ஊர் ஒன்றுக்கு வாராவாரம் கார் எடுத்துக்கொண்டு போய் வாங்குவார். சவுனாவிலோ பேன்டும் கிடையாது, நாப்கினும் கிடையாது. அந்தப் பலகையில் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொட்டினால்? நினைக்கும்போதே மானம் போயிற்று.

நேற்றிலிருந்து உடம்பு வேறு லேசாகக் குளிர்ந்தது. கோடை என்று பெயர்தானே, வெளியே பதினொரு டிகிரி, அதனால்தான் என்று விட்டுவிட்டார்.

மார்த்தி வாசலிலேயே நின்றிருந்தார். நெடிய உருவம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். மனைவியை இழந்தவர். பின்னால் ஏரியோரம் அவர் கையாலேயே கட்டிய புகைச் சவுனாவிலிருந்து காலைமுதல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க! பீர் எடுக்கட்டுமா?"

"வேணாம்."

"லேசான பீர்?"

"வேணாம் மார்த்தி."

"காபி?"

"இப்பதான் குடிச்சேன்."

ரைலி திரும்பிப் பார்த்தாள். எங்கே குடித்தாய் என்று கேட்டது அந்தப் பார்வை.

துவோமாஸோடு முன்னாடியே வந்திருந்த ஹென்னாவிடம் மார்த்தி ஒயின் கோப்பையை நீட்டினார். அவளும், "அப்புறமா," என்று அதை ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

"என்னது இது, அப்பனும் பொண்ணும் சேர்ந்து விரதமா?" என்று மார்த்தி உரக்கச் சிரித்தார். ரைலிதான் வீட்டு மானத்தைக் காப்பாற்ற இரண்டு கோப்பை ஒயினை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள்.

புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டு முடித்தார்கள். துவோமாஸ் பீர் டப்பாக்களைப் படகில் போட்டுக்கொண்டு எதிர்த் தீவுக்குப் போனான். சாயங்காலம் கொளுத்துவதற்கு அங்கே சொக்கப்பனை மாதிரி விறகு அடுக்க வேண்டியிருந்தது.

சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ள மார்த்தி இரண்டு கட்டு பிர்ச் இலைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை ரெய்யோவின் கையில் கொடுத்தார்.

"கல்லு நல்லா காஞ்சிருக்கு. பொம்பளைங்க அப்புறம் போகட்டும். முதல் தண்ணி உங்க கையாலதான் ஊத்தணும் சம்பந்தி. வேற யாரையும் தொட விடல."

ரெய்யோ இலைக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மன்னிக்கணும் மார்த்தி. எனக்கு முதுகு... டாக்டர் கூடாதுன்னுட்டார். நீங்க போய்ட்டு வாங்க."

மார்த்தி கழுத்தில் உட்கார்ந்த கொசு ஒன்றைத் தட்டினார்.

"சரி," என்றார் மார்த்தி.

அந்த ஊரில் 'சரி' என்பதைவிடக் கோபமான வார்த்தை கிடையாது. அவர் இலைக்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காலை இழுத்தபடி தனியாக ஏரிப்பக்கம் நடந்தார்.

ஹென்னா அப்பாவை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். முகம் சிவந்திருந்தது.

"உனக்கு என்னதான்பா பிரச்சினை? துவோமாஸைப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு!"

"ஐயோ, அவன் தங்கமான பையன்மா."

"அப்புறம் ஏன் அவங்கப்பா மூஞ்சில அறைஞ்ச மாதிரி பண்ணின? அவர் பொண்டாட்டி போனப்புறம் இந்தச் சவுனாவை வேற ஒருத்தருக்காகவும் மூட்டினதில்ல. உனக்காகத்தான் மூட்டினார். விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு புகையில கண்ணெரிய நின்னார்."

"முதுகுவலிம்மா."

"பொய்!" என்று ரைலி பின்னாலேயே வந்துவிட்டாள். "முதுகுமில்ல, ஒண்ணுமில்ல. என்னை விட்டுத்தான் விலகிப் போன, சகிச்சுக்கிட்டேன். பொண்ணு கல்யாணத்துலயும் வந்து இப்படி நிக்கறியே?"

"கேட்டுக்கோப்பா," என்றாள் ஹென்னா. குரல் தாழ்ந்துவிட்டது. "இப்படியே கிளம்பிட்டேன்னா நான் உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டேன். அவர் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் மூஞ்சியத் திருப்பிட்டு உக்கார, நான் நடுவுல பூங்கொத்தோட நிக்கணுமா? என்னால ஆகாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட ரெய்யோ தாங்கியிருப்பார்.

அவர் மெல்ல ஏரிப்பக்கம் இறங்கினார். காரில் ஏறிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கால் என்னவோ மார்த்தி இருந்த படகுத்துறைக்கே போயிற்று. மார்த்தி பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு? ஹென்னாவா?"

"எதை?"

மார்த்தி வலது பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். பாதத்தில் பாதிதான் இருந்தது. விரல்கள் ஒன்றுகூட இல்லை. தைத்த இடம் வெளுத்துப்போய் மினுமினுத்தது.

"இதைத்தானே? இதோட ஒரே பலகையில உக்கார உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. பரவாயில்ல, என் தம்பியே அப்படித்தான். துண்டு போட்டு மூடிக்கறேன்னு சொல்லத்தான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன், என் சவுனாவுல நான் ஏன்யா மூடிக்கணும்?"

ரெய்யோ அவர் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். இந்த மனுஷன் விடியுமுன் எழுந்து புகையில் நின்றிருக்கிறார். அவருக்கு நாம் என்ன செய்துவிட்டோம்?

"மார்த்தி, சத்தியமா எனக்கு உங்க காலைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பூட்ஸ்தான் பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"என் மூத்திரம்."

"என்னது?"

"நிக்கமாட்டேங்குது. தானா சொட்டுது. உங்க பலகைய அசிங்கம் பண்ணிடுவேன்னு பயம். வீட்ல யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்."

சொல்லி முடித்ததும் அவருக்குக் காது சுட்டது. மார்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அட போய்யா! சவுனாவுல தலையிலேர்ந்து கால் வரைக்கும் எல்லாந்தான் சொட்டுது. எது வேர்வை எது மத்ததுன்னு எவன் நக்கிப் பார்க்கப் போறான்? எந்திரி. வா."

இருளடைந்த அந்தப் புகைச் சவுனாவில் இரண்டு பேரும் மேல்பலகையில் உட்கார்ந்தார்கள். ரெய்யோ கீழே துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டார். மார்த்தி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

"இந்தக் கால் கதையைக் கேளு," என்றார். "சக்கரைதான். ஒரு ஆணி பூட்ஸைத் துளைச்சுக்கிட்டு உள்ள ஏறியிருக்கு. வேலி போடறேன், மீன் பிடிக்கறேன், ஊரெல்லாம் நடக்கறேன். வலியே இல்லய்யா! நாத்தம் வந்தப்புறந்தான் கழட்டிப் பார்த்தேன். நரம்பு செத்துப்போச்சுன்னாங்க. வலிக்கலைங்கறதுதான் வியாதின்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. உனக்குச் சக்கரை உண்டா?"

"உண்டு."

"மூத்திரம் முட்டினா தெரியுதா?"

ரெய்யோ யோசித்தார். ஒட்டகம் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. "ஒரு வருஷமா தெரியறதில்ல," என்றார்.

மார்த்தியின் கண் அவருடைய வயிற்றில் நின்றது. தொப்புளுக்குக் கீழே பூசணிக்காய் வைத்ததுபோல உருண்டு நின்றது அது.

"இது பீர் தொந்தி இல்லையே. நீதான் பீரே குடிக்கறதில்லையே?"

"அது... கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு."

"சரி, முதல் தண்ணிய ஊத்திடு. அப்புறம் பேசுவோம்."

ரெய்யோ வாளியிலிருந்து அகப்பையில் தண்ணீர் மொண்டார். கை நடுங்கியது. தோள் நடுங்கியது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அகப்பை நழுவி, தண்ணீர் கல்லில் விழாமல் தரையில் கொட்டியது.

"ரெய்யோ? என்னய்யா ஆச்சு?"

"குளிருது மார்த்தி."

"எண்பது டிகிரில குளிருதா?" மார்த்தி அவர் நெற்றியில் கை வைத்தார். வேர்வையே இல்லை, நெருப்பாகக் கொதித்தது. அரைக்காலோடு அவர் கதவை உதைத்துத் திறந்து, "ரைலி! ஹென்னா! ஓடி வாங்க!" என்று ஏரி அதிரக் கத்தினார்.

ரைலி அவசர எண்ணுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். போர்வைக்குள் சுருண்டிருந்த ரெய்யோவிடம் ஒரு நர்ஸ் நிதானமாகக் கேட்டாள்.

"கடைசியா எப்ப மூத்திரம் போனீங்க?"

"எப்பவும் போய்க்கிட்டேதான் இருக்கு."

"சொட்டறதைக் கேக்கல. நல்லா, கடகடன்னு எப்ப போனீங்க?"

ரெய்யோ எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ரைலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது.

"உடனே கூட்டிட்டு வாங்க. இன்னிக்குத் திருநாள், ஆம்புலன்ஸ் வர நேரமாகும். குடிக்காதவங்க யாராவது ஓட்டிட்டு வந்துட்டா நல்லது."

நடுக்கோடைத் திருநாளில் குடிக்காதவனை எங்கே போய்த் தேடுவது? மார்த்தி காலையிலிருந்து பீர். ரைலி இரண்டு கோப்பை ஒயின். துவோமாஸ் தீவில் டப்பாக்களோடு.

"நான்தான் குடிக்கல. சாவியைக் குடு, நானே ஓட்டறேன்," என்றார் ரெய்யோ.

"ஆமா, இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஓட்டுவ!" என்று ரைலி சீறினாள்.

ஹென்னா சாவியை எடுத்தாள். "நான் ஓட்டறேன். நான் ஒரு சொட்டுகூடத் தொடல."

ரைலி மகளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். ஹென்னா காரைப் பார்த்து நடந்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் ரெய்யோவின் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு குழாய் செருகினார்கள். குழாயோடு மாட்டிய சின்னப் பை நிறைந்தது. மாற்றினார்கள். மறுபடி நிறைந்தது.

"ஒண்ணேகால் லிட்டர்," என்றாள் டாக்டர். "இவ்வளவையும் உள்ள வெச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"சொட்டிக்கிட்டே இருந்ததே! பை காலின்னுல்ல நெனச்சேன்."

"காலியானதால சொட்டல. நிறைஞ்சு வழிஞ்சுது. சக்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தா நரம்பு மரத்துப்போகும். கால்ல நடக்கறது பையிலயும் நடக்கும். நிறைஞ்சது உங்களுக்குத் தெரியல, பிழிஞ்சு வெளிய தள்ள பைக்கும் தெம்பில்ல. தேங்கின இடத்துல கிருமி சேர்ந்திருக்கு, அதான் குளிர்ஜுரம். இதுல நீங்க தண்ணியும் குடிக்கறதில்லன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க."

"சொட்டக்கூடாதுன்னுதான்..."

"நல்லா பண்ணினீங்க போங்க. கிருமிக்கு விருந்து வெச்ச மாதிரி. மருந்து ஏத்தறோம், ஜுரம் இறங்கிடும். தினமும் நீங்களே குழாய் போட்டு எடுக்கறதுக்குச் சொல்லித் தருவோம், கஷ்டமில்ல. கிட்னிதான் கேள்வி. அழுத்தம் மேல வரைக்கும் போயிருக்கலாம். ரத்தம் எடுத்திருக்கு. நாளைக்குத் தெரியும்."

டாக்டர் போனதும் ரைலி கட்டிலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போர்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாராவாரம் சொல்லாம காரை எடுத்துக்கிட்டு எங்கயோ போவியே. எங்க?"

"நாப்கின் வாங்க."

"நாப்கினா?"

"உள்ளூர்க் கடைல கேக்க வெக்கமா இருந்துச்சு."

"நான் அங்க ஒருத்திய வெச்சிருக்கேன்னு நெனச்சேன்டா! அவ எப்படி இருப்பான்னு யோசிச்சு யோசிச்சு ஆறு மாசமாத் தூங்கல. கடைசில நாப்கினா?" சிரிக்கத் தொடங்கியவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "முட்டாள். பெரிய முட்டாள். மார்த்தி கவலையா இருப்பார், போன் பண்ணிட்டு வரேன்."

அவள் வெளியே போனாள். ஹென்னா அந்த நாற்காலிக்கு வந்தாள். அவள் போனில் ஒரு செய்தி வந்திருந்தது, அதை வாசித்துக் காட்டினாள்.

"மார்த்திதான். கல்லு இன்னும் சூடாவே இருக்காம். வேற யாரையும் ஊத்த விடலையாம். ஆகஸ்டுக்குள்ள எந்திரிச்சு வந்து அந்த முதல் தண்ணிய ஊத்தச் சொல்றார்."

ரெய்யோ சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதையாவது மறைக்காமல் விட்டார்.

"ஹென்னா, உன்கிட்ட சொல்லியிருக்கணும். எப்படிம்மா சொல்றது? பெத்த பொண்ணுகிட்ட போய் இதைச் சொல்ல வாய் வரல."

ஹென்னா தண்ணீர்க் கிளாஸை நீட்டினாள். அவர் அதை வாங்கி மடமடவென்று குடித்து முடித்தார். எத்தனையோ மாதத்துத் தாகம்.

"அப்பா," என்றாள் அவள், காலிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு. "போன வாரம் ஒரு நர்ஸ் என்னைக் கேட்டாங்க. உங்க அப்பாவுக்குச் சக்கரை இருக்கே, அதனால வேற ஏதாவது தொந்தரவு உண்டா, கிட்னி, கால், மூத்திரம், எதாவதுன்னு. எங்கப்பா கல்லு மாதிரி இருக்கார், ஒண்ணுமே கிடையாதுன்னு பெருமையா சொல்லிட்டு வந்தேன்."

"உன்னை எதுக்கும்மா கேட்டாங்க?"

அவள் கையிலிருந்த கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலோரம் வைத்துவிட்ட அந்த ஒயின் கோப்பை ரெய்யோவின் நினைவுக்கு வந்தது. ஒரு சொட்டுகூடத் தொடாமல் கார் ஓட்டியவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஹென்னா! கர்ப்பமா இருக்கியா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "அடுத்த வாரம் எனக்குச் சக்கரை டெஸ்ட்."

"துவோமாஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏம்மா? அவன்கிட்ட ஏன் சொல்லல?"

ஹென்னா கிளாஸை மேஜைமேல் வைத்தாள்.

"வாய் வரலப்பா. உன் பொண்ணுதானே நான்."